வசந்தகால இமயமலையில் பனிச்சரிவு: கிளம்பும் முன்பிருந்து இறங்கி வரும் வரை கவனிக்க வேண்டியவை

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்ததும் நம் ஊர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக இமயமலைக்குக் கிளம்பிவிடுகிறோம். கேதார்நாத் நடை திறப்பு, உத்தராகண்டின் பங்கார்ச்சுல்லா சிகரம் மாதிரியான டிரெக்கிங், பள்ளி லீவில் காங்டாக்குக்கும் மணாலிக்கும் பனி பார்க்கப் போகிற குடும்பங்கள் என்று எல்லாமே இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள்தான். குளிர்காலம் போய்விட்டது, வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்துத்தான் போகிறோம். ஆனால் இந்தப் பருவத்தில் பனியைக் கட்டவிழ்த்துவிடுவதே அந்த வெயில்தான். 2023 ஏப்ரல் 4-ம் தேதி சிக்கிமில் நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு விழுந்து ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் மலையேறப் போனவர்கள் இல்லை. வண்டியை விட்டு இறங்கிப் பனியில் நின்றவர்கள்.

வசந்தகாலப் பனிச்சரிவில் ஒரு நல்ல விஷயம் உண்டு. புதுப் பனிப்பொழிவு இல்லாத நாட்களில் அது பெரும்பாலும் நேரம் பார்த்து வரும். நேற்று ராத்திரி பனி உறைந்ததா, இன்று எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்கிற இரண்டு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியையும் சேர்த்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: பனிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளையாகத் தெரியும் பனி, உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறு என்று வானிலை அறிக்கையில் சொல்வார்களே, மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் காற்றமைப்பு, அது ஒவ்வொரு முறை வரும்போதும் ஓர் அடுக்கு விழும். நடுவில் வெயில் அடித்து மேல்பரப்பு உருகி மறுபடி உறைந்தால் கண்ணாடி மாதிரி ஓர் ஓடு உண்டாகும். அதன்மேல் அடுத்த அடுக்கு. காற்று அடித்தால் முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டுபோய் மறுபக்கம் கெட்டியான பலகையாகக் குவித்துவைக்கும்.

இதில் நாம் பயப்பட வேண்டிய அடுக்கு அடியில் இருப்பது. டிசம்பர், ஜனவரியில் பனி மெலிதாகக் கிடக்கும்போது தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், மேலே காற்றோ கடுங்குளிர். கீழேயிருந்து நீராவி பனிக்குள்ளேயே மேலே ஏறும்போது சின்னச் சின்னப் பனித்துகள்கள் பெரிய, கோணல்மாணலான படிகங்களாக வளர்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாது. குழி வெட்டி அந்த அடுக்கைக் கையில் அள்ளிப் பாருங்கள், வறுத்த ரவை போல விரலிடுக்கில் வழிந்துவிடும். அதன் மேல்தான் மூன்றடி, நான்கடி கெட்டிப்பனி உட்கார்ந்திருக்கிறது. பீர் பாஞ்சால் மாதிரி ஈரமும் கனமுமாகப் பனி விழும் மலைகளில் இந்த அடுக்கு சீக்கிரம் இறுகிவிடும். லடாக், காரகோரம் பக்கம் பனி மெலிது, குளிர் அதிகம் என்பதால் சீசன் முழுவதும் அப்படியே பலவீனமாகக் கிடக்கும்.

வசந்தம் வந்ததும் மேல்பரப்பு உருகித் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பிக்கிறது. இறங்குகிற தண்ணீர் பழைய ஓட்டின் மேல் தேங்கும், அல்லது அந்தப் பலவீனமான அடுக்குக்குப் போய்ச் சேர்ந்து படிகங்களுக்கு நடுவே இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பையும் கரைத்துவிடும். குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்ற சரிவு, முதல்முறையாகத் தண்ணீர் அடிவரை போய்ச் சேரும் நாட்களில் மொத்தமாகக் கழன்று வருவது இதனால்தான். அதற்குப் பிறகு பகலில் உருகி, ராத்திரியில் உறைந்து, இப்படிப் பல நாள் ஓடியபின் பனி முழுக்க 0 டிகிரிக்கு வந்து, தண்ணீர் வடிய வழி பிறந்து, காலையில் கல் மாதிரி இறுகிய நல்ல பனியாகிவிடும். ஆகவே ஆபத்து அதிகம் அந்த இடைப்பட்ட காலத்தில். தெற்குச் சரிவு அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம், அதே மலையின் வடக்குச் சரிவு சில வாரம் கழித்துத்தான் அங்கே வரும். ஒரு பக்கம் நன்றாக இருந்தது என்பதை வைத்து மறுபக்கத்தை நம்பிவிடக் கூடாது.

படி 2: என்னென்ன விதமாக வரும்

வசந்தத்தில் அடிக்கடி பார்ப்பது ஈரமான தளர்பனி. ஒரு பாறைக்குக் கீழே ஒரு புள்ளியில் தொடங்கி, போகப் போக விசிறி மாதிரி விரிந்து வரும். வேகம் குறைவுதான், ஆனால் கனம் பயங்கரம். நின்றவுடன் சிமெண்ட் போல இறுகிவிடும், மாட்டிக்கொண்டவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. அடுத்தது ஈரப் பலகை, அதாவது ஒரு முழு அடுக்கே குறுக்கே வெடித்துப் பெயர்ந்து வருவது. இது அபூர்வம், ஆனால் முன்கூட்டிக் கணிப்பதும் கஷ்டம். மழமழப்பான புல்வெளி, பாறைப்பலகைக்கு மேல் கிடக்கும் பனி தரையோடு சறுக்கி வருவது இன்னொன்று. அதற்கு முன் சரிவின் குறுக்கே வாய் பிளந்த மாதிரி விரிசல் தெரியும். விரிசல் திறந்து பல நாள் அப்படியே நிற்கும், திடீரென்று ஒரு நாள் விழும். அதற்குக் கீழே நிற்கவே நிற்காதீர்கள்.

முகட்டின் விளிம்பில் காற்று கட்டிவைத்த பனி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, கார்னிஸ் என்பார்கள், அதுவும் வெயிலில் தளர்ந்து உடையும். அது உடைவது நீங்கள் நினைக்கிற விளிம்பில் இல்லை, அதற்குப் பல அடி உள்ளே. போட்டோவுக்காக விளிம்புவரை போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இதெல்லாம் போக, ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும்கூடப் புதுப்பனி விழும். அப்போது குளிர்கால விதிகள்தான் செல்லும். ஒரே நாளில் 30 செ.மீ. அளவுக்குப் புதுப்பனி, கூடவே காற்று என்றால் சரிவுகளைவிட்டு விலகி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வானம் பளிச்சென்று திறக்கும் முதல் நாள் இன்னும் மோசம், ஏனென்றால் ஏப்ரல் வெயிலின் சூடு அந்தப் புதுப்பனியை ஓரிரு மணி நேரத்தில் கனமாக்கிவிடும். எல்லோரும் படம் எடுக்க வெளியே ஓடிவருவதும் அந்த நாளில்தான்.

படி 3: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

சண்டிகரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் டி.ஜி.ஆர்.இ. என்று ஓர் அமைப்பு இருக்கிறது, முன்பு அதன் பனி ஆய்வுப் பிரிவை சாசே என்பார்கள். காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்ட், சிக்கிம் மலைகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுப்பது இவர்கள்தான். மாவட்டம், உயரம், ஆபத்தின் படிநிலை எல்லாம் அதில் இருக்கும். படிநிலை ஐந்து. நடுவில் இருக்கிற மூன்றாம் நிலையைப் பலர் 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பரவாயில்லை என்கிற நிலை இல்லை. செங்குத்தான சரிவில் ஒற்றை ஆள் கால் வைத்தாலே பனி கழன்றுவரலாம் என்று அர்த்தம்.

இந்த எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு என்பதற்கு 2025 பிப்ரவரி 28 ஒரு சாட்சி. பத்ரிநாத்துக்கு மேலே மாணா கிராமத்துக்குப் பக்கத்தில் எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர்கள்மேல் விடியற்காலையில் பனிச்சரிவு விழுந்தது. 54 பேரில் 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மாலையே சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலே 24 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள், இது வெயில் வராத நேரம். பெரிய பனிப்பொழிவு நடந்துகொண்டிருக்கும்போது 'அதிகாலையில் போனால் ஆபத்தில்லை' என்ற கணக்கு எடுபடாது. அந்தக் கணக்கு பனி விழாத, உறைந்த ராத்திரிக்குப் பிறகு மட்டும்தான்.

இந்திய வானிலை மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பில் கடைசி நான்கைந்து நாளில் எவ்வளவு பனி அல்லது மழை, காற்று எந்தத் திசையிலிருந்து, ராத்திரி மேகம் இருக்குமா என்று பாருங்கள். அப்புறம் டிரெக்கிங் நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்களா? வானிலை கெட்டால் காத்திருக்க ஒரு நாள் உபரியாக இருக்கிறதா? பனி சரியில்லை என்று கைடு சொன்னால் அவர் முடிவுதான் இறுதியா? இதற்கெல்லாம் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் தேடுங்கள். காசு கட்டிவிட்டோம், லீவு முடிகிறது, கூட வந்தவர்கள் எல்லோரும் போகிறார்கள் என்கிற அழுத்தம் மேலே போனபிறகு தாங்க முடியாததாகிவிடும். அதனால்தான் திரும்பும் நேரத்தைக் கீழேயே முடிவுசெய்துவிட வேண்டும் என்கிறேன்.

படி 4: சரிவின் சாய்வை அளந்து பாருங்கள்

பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் தொடங்குகின்றன, அதிலும் 38 டிகிரியை ஒட்டி அதிகம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும், அதைவிடச் சமமான இடத்தில் தானாகப் பெயராது. ஈரப்பனி மட்டும் 30-க்குக் கொஞ்சம் கீழேயும் நகரும். போனில் சாய்வு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாக்கிங் போலை (நடைக்கம்பை) சரிவின்மேல் கீழ்நோக்கிப் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்தால் எண் வந்துவிடும். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் தப்பாகத்தான் வரும்.

நீங்கள் நிற்கிற இடம் சமமாக இருந்தால் போதாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. புக்யால் எனப்படும் அழகான மலைப் புல்வெளியில் கூடாரம் போட்டிருப்பீர்கள், மேலே அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற சரிவு கழன்றால் அங்கேயே வந்து நிற்கும். பழைய தடயங்களைத் தேடுங்கள். காட்டுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாத பட்டை, மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்த தேவதாரு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்த போஜ்பத்ர மரங்கள், அழுக்கும் கல்லும் கலந்து குவிந்த பனி மேடு. இதெல்லாம் பனிச்சரிவு வழக்கமாக வந்துபோகிற பாதை. அங்கே சாப்பிட உட்காராதீர்கள், தண்ணீர் பாட்டில் நிரப்பக்கூட நிற்காதீர்கள்.

விழுந்தால் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதையும் பாருங்கள். கீழே குறுகலான நாலா (ஓடைப் பள்ளம்) இருந்தால் சின்ன சரிவுகூட ஆளை ஆழமாகப் புதைத்துவிடும். கீழே பாறை விளிம்பு இருந்தால் புதையாமலேயே உயிர் போய்விடும்.

படி 5: ராத்திரி உறைந்ததா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் மனப்பாடம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வானம் தெளிவாக, நட்சத்திரம் நிறைந்து இருந்தால் பனியின் மேல்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும் உறைந்துபோகும். மேகம் மூடியிருந்தால் காற்று 0-வை ஒட்டி வந்தாலும் உறையாமல் ஈரமாகவே இருக்கும். ஆகவே ராத்திரி ஒன்றுக்கு எழுந்தால் வானத்தைப் பாருங்கள். மேகம் என்றால் மறுநாள் திட்டம் சுருங்கியாக வேண்டும். ராத்திரி மழை பெய்தால், அந்த நாள் செங்குத்தான சரிவு எதற்கும் போகக் கூடாது.

அதிகாலையில் பனியில் காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். நன்றாக உறைந்திருந்தால் பூட்ஸ் கீறல் மட்டும்தான் போடும், கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்) இல்லாமல் நிற்கவே முடியாது. மேலே ஓடு இருந்து அதை உடைத்துக்கொண்டு கால் கணுக்கால் வரை உள்ளே போனால் அரைகுறையாகத்தான் உறைந்திருக்கிறது, வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் போய்விடும். போலைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தி ஓட்டின் கனத்தையும் பார்க்கலாம். இரண்டு மூன்று செ.மீ. ஓடு இருந்து அடியில் சொதசொதவென்று இருந்தால் அதை உறைந்த பனியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே ராத்திரி அல்ல, தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி உறைந்திருந்தால்தான் முழு நம்பிக்கை வரும்.

படி 6: வெயிலுக்கு முன்னால் ஓடுங்கள்

வெயில் முதலில் கிழக்குச் சரிவில் விழும், அப்புறம் தெற்கு, பிற்பகல் மேற்கு, கடைசியாக வடக்கு. கிழக்கு பார்த்த சரிவு காலை எட்டு மணிக்கே இளக ஆரம்பிக்கலாம். பங்கார்ச்சுல்லாவுக்குக் குல்லாரா முகாமிலிருந்து ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே கிளப்புவது சூரிய உதயம் காட்டுவதற்காக மட்டும் இல்லை. 4,500 மீட்டருக்கு மேலே ஏறிவிட்டு, அந்தச் சரிவுகள் இளகுவதற்கு முன்பே திரும்பக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் காரணம். கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். செங்குத்தான சரிவை இறங்கி முடிக்க வேண்டிய நேரம் பத்து மணி என்றால், அதிலிருந்து பின்னால் எண்ணி உச்சியை விட்டுக் கிளம்பும் நேரம், முகாமைவிட்டுக் கிளம்பும் நேரம் என்று வரவேண்டும். உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டால் அங்கேயே திரும்ப வேண்டும், வேறு பேச்சே இல்லை.

வெயில் பட்டதும் கல் விழுவதும் ஆரம்பிக்கும். ராத்திரி முழுக்கப் பனி பிடித்துவைத்திருந்த கற்களை அது விட்டுவிடும். ரூபின் பாஸ் என்ற மலைக்கணவாயின் கடைசிக் குறுகலான ஏற்றம் மாதிரி இடங்களில் ஹெல்மெட் இல்லாமல் போவது சரியில்லை. மலை ஓடைகள்மேல் பாலம் போல மூடியிருக்கும் பனியும் பிற்பகலில் மெலிந்துவிடும். காலையில் தாண்டிய அதே இடம் மாலையில் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

படி 7: மலை சொல்வதைக் கேளுங்கள்

நீங்கள் போகவிருக்கிற அதே திசையில், அதே உயரத்தில் இன்றோ நேற்றோ பனி கழன்று விழுந்திருந்தால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. நடக்கும்போது காலடியில் 'வொம்ப்' என்று அமுங்குகிற சத்தம், காலிலிருந்து ஓடுகிற விரிசல், இரண்டும் உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்குகிறது என்பதன் அடையாளம். உடனே வந்த வழியே திரும்புங்கள்.

ஈரப்பனிக்கு இன்னும் நுட்பமான அறிகுறிகள் உண்டு. பாறைகளிலிருந்தும் மரக்கிளைகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்புறம் சின்னப் பனி உருண்டைகள் தாமாகவே கீழே உருளும், உருளும்போதே சுருண்டு பெரிதாகிப் பின்னால் ஒரு கோடு விட்டுப் போகும். முதலில் எலுமிச்சை அளவு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தேங்காய் அளவு, அப்புறம் இன்னும் பெரிதாக. அந்த வளர்ச்சியைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கைப்பிடி பனியை அள்ளி அழுத்துங்கள், உருண்டை பிடித்தால் ஈரம் வந்துவிட்டது, தண்ணீர் ஒழுகினால் நீங்கள் அங்கே இருக்கும் நேரம் முடிந்துவிட்டது. கால் கணுக்காலுக்கு மேல் புதைய ஆரம்பித்தால் வழியை மாற்றுங்கள், முழங்கால்வரை போனால் சரிவைவிட்டே வெளியேறுங்கள்.

படி 8: கடந்தே ஆக வேண்டும் என்றால்

ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒரே ஆள். மற்றவர்கள் பாறைத்திட்டு, முகடு மாதிரி பத்திரமான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் கடைசியாக எங்கே தெரிந்தார் என்பதுதான் தேடலின் தொடக்கப்புள்ளி. போலின் பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். நடுவில் நின்று போட்டோ வேண்டாம். ஒரே பனிச்சரிவு எத்தனை பேரை ஒன்றாகக் கொண்டுபோய்விடும் என்பதை 2022 அக்டோபர் 4 காட்டியது. உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக்குழு திரௌபதி கா டாண்டா 2 சிகரத்துக்கு அருகே பனிச்சரிவில் சிக்கி 29 பேரை இழந்தது. அவர்களில் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அனுபவம் இருந்தாலும் பனி ஆள் பார்ப்பதில்லை.

படி 9: கையில் இருக்க வேண்டியவை

பனிச்சரிவு வரக்கூடிய பகுதிக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் பெறவும் உதவும் சின்னக் கருவி), குத்திப் பார்க்கும் நீளமான புரோப் கம்பி, உலோக மண்வெட்டி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வீண். டிரான்சீவரைப் பையில் போடாமல் உடம்போடு கட்ட வேண்டும், போனை அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இந்தியாவில் சாதாரண டிரெக்கிங்கில் இதைக் கொடுப்பது அரிது, குல்மார்க் பனிச்சறுக்குக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். இல்லாதபட்சத்தில் பனி மூடிய செங்குத்தான சரிவுகளுக்குப் போகாத வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம். சாட்டிலைட் போன், செயற்கைக்கோள் மெசேஜ் கருவி எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகாதீர்கள், இங்கே அது சட்ட விரோதம்.

படி 10: விழுந்துவிட்டால்

மாட்டிக்கொண்டவர் கத்த வேண்டும், பக்கவாட்டில் வெளியேறப் பார்க்க வேண்டும், முழு பலத்தோடு மேலே இருக்கப் போராட வேண்டும். பனி வேகம் குறையும்போதே ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்க வேண்டும். நின்றபிறகு முடியாது.

வெளியே இருப்பவர்களுக்கு நேரம் மிகக் குறைவு. முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் அது மூன்றில் ஒருவர் என்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறது. மீட்புப்படை வரும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் உடலைத்தான் எடுப்பார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாம் புதைந்தபோது சிக்கிய 10 வீரர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அவ்வளவு நாள் தாங்கியது மிக மிக அபூர்வம்.

முதலில் மேலே இன்னொரு சரிவு வருமா என்று ஒருவர் பார்க்கட்டும். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கீழே பனிமேல் கை, கையுறை, பை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே எல்லோரும் டிரான்சீவரைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மாற்றாவிட்டாலும் அவருடைய சிக்னல்தான் குழப்பும். டிரான்சீவரில் தூரத்தைக் காட்டும் எண் மிகக் குறைவாக இருக்கும் இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருள் சுருளாகக் கம்பியைக் குத்துங்கள். ஆள் தட்டுப்பட்டால் கம்பியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு நேர் மேலே தோண்டாமல் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று தோண்டுங்கள். முதலில் முகம், வாயில் அடைத்த பனியை எடுங்கள், மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசத்தை உடனே தொடங்குங்கள். ஆள் நிறைய இருந்தால் ஒருவர் 112-க்கு அழைக்கட்டும், குறைவாக இருந்தால் தேடல்தான் முதலில்.

டிரெக்கிங் போகாதவர்களுக்கு

கேதார்நாத் நடைபாதையில் லிஞ்சோலிக்கு மேலே பைரவ், குபேர் பனி ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டிப்போகின்றன. நடை திறந்த முதல் வாரங்களில் இருபக்கமும் பனிச்சுவர் வெட்டி வழிவிட்டிருப்பார்கள், அங்கே பனி வந்து பாதை அடைபடுவது புதிதல்ல. அந்த இடத்தைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், நடுவில் இளைப்பாற நிற்காதீர்கள், வயதானவர்கள் கூட இருந்தால் அதற்கு முன்பே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகட்டும். மாநிலப் பேரிடர் மீட்புப்படையினர் நிறுத்தினால் வாதாடாமல் நில்லுங்கள்.

கார் பயணத்தில் ஜோஜிலா, ரோதாங், நாதுலா சாலைகளில் பனி பார்க்க இறங்கும்போது, இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், டிரைவர் கூட்டம் இருக்கும் இடத்தில்தான் நிறுத்துவார். நாதுலா சாலையில் 2023-ல் அந்த விபத்து நடந்த அன்று 13-வது மைல் வரைதான் அனுமதி இருந்தது, விபத்து நடந்தது 15-வது மைலில். தலைக்கு மேலே மரமில்லாத வெள்ளைச் சரிவு, பக்கத்தில் ஓடை இறங்குகிற பள்ளம் இருந்தால் கதவைத் திறக்காமல், 'அண்ணா, இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க' என்று சொல்லுங்கள்.